சைரன் அலறுகிறது, கன்ட்ரோல் ரூமில் எதுவும் விழவில்லை: அலாரம் தொடர்புக் கோளாறை அறிகுறி பார்த்துத் தேடும் முறை

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தாகட்டும், ஃபீனிக்ஸாகட்டும், ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவாகட்டும், நம் ஆட்கள் வீட்டு மதிலில் ஓர் ஆர்ம்டு ரெஸ்பான்ஸ் பலகை தொங்கும், அலாரம் அடித்தால் ஆயுதக் காவலரை அனுப்பும் கம்பெனியின் பலகை. மாதாமாதம் பணமும் கட்டுகிறோம். அந்தப் பணத்துக்கு வண்டி வர வேண்டுமென்றால், வீட்டு அலாரத்தின் மூளைப் பெட்டியான பேனலிலிருந்து கிளம்பிய சிக்னல் அந்தக் கம்பெனியின் கன்ட்ரோல் ரூம் திரையில் விழ வேண்டும். சைரன் அலறுவது இதற்குச் சாட்சி ஆகாது. சைரன் பேனலிலிருந்து நேராக ஒரு வயரில் தொங்குகிறது. கன்ட்ரோல் ரூமுக்குப் போகிற சிக்னலோ ரவுட்டர், ஃபைபர், டவர், கன்ட்ரோல் ரூமில் அதை வாங்கும் ரிசீவர் என்று பல கை மாறிப் போகிறது. எந்தக் கையில் விழுந்து உடைந்தது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

பேனல் எந்த பிராண்டாக இருந்தாலும் தேடும் முறை ஒன்றுதான். மெனு எண்கள் மட்டும் மாறும், அவற்றை உங்கள் பேனலின் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெட்டியைத் திறப்பதற்கு முன்

முதலில் கன்ட்ரோல் ரூமைக் கூப்பிட்டு உங்கள் அக்கவுன்ட்டை டெஸ்டில் போடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பெட்டி மூடியைக் கழற்றியதுமே டேம்பர் சிக்னல் போய், துப்பாக்கியோடு இருவர் வாசலில் நிற்பார்கள்.

அதே அழைப்பில் இன்னொன்றும் கேளுங்கள்: கடந்த ஒரு வாரத்தில் உங்கள் அக்கவுன்ட்டில் வந்த சிக்னல்கள் எல்லாவற்றையும் நேரத்தோடு அனுப்பச் சொல்லுங்கள். பெரும்பாலோர் இதைக் கேட்பதில்லை. மீட்டரும் ஸ்க்ரூ டிரைவரும் சொல்லாததை இந்தப் பட்டியல் சொல்லிவிடும். பெரும்பாலான பேனல்கள் கான்டாக்ட் ஐடி என்ற முறையில்தான் பேசுகின்றன, அதில் ஒவ்வொரு நிகழ்வுக்கும் மூன்று இலக்க எண் உண்டு. 130 என்றால் திருட்டு அலாரம். 110 தீ. 301 மின்சாரம் போனது, 302 பேட்டரி இறங்கியது, 350 தொடர்புக் கோளாறு, 401 பயனர் பூட்டியது அல்லது திறந்தது, 602 பேனல் தானாக அனுப்பும் டெஸ்ட் சிக்னல். இந்த ஏழும் தெரிந்தால் பட்டியலைப் படிக்கலாம்.

பெட்டிக்குள் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும் பக்கம் 230 வோல்ட் வருகிறது. வீட்டு பிரேக்கர்கள் இருக்கும் டிபி போர்டில் அந்த பிரேக்கரை இறக்காமல் அங்கே கை வைக்க வேண்டாம். இன்ஸ்டாலர் கோடு (பேனல் அமைப்புகளைத் திறக்கும் ரகசிய எண்) உங்களிடம் இல்லையென்றால், 2001-ஆம் ஆண்டின் 56-ஆம் எண் சட்டப்படி தனியார் பாதுகாப்புத் துறையை ஒழுங்குபடுத்தும் பிஎஸ்ஐஆர்ஏ-வில் பதிவு செய்த டெக்னீஷியனைத்தான் கூப்பிட வேண்டும். மலிவாகச் செய்கிறேன் என்று வருகிறவரிடம் பதிவு எண்ணைக் கேளுங்கள், பதில் வரும் வேகத்திலேயே ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீபேடில் தொடர்புக் கோளாறு என்று வந்தால், "அனுப்பினேன், பதில் வரவில்லை" என்பது மட்டுமே அதன் பொருள். பதிவுத் தபால் போட்டு ஒப்புதல் அட்டை திரும்பாத கதைதான். தபால் போகவில்லையா, போய்ச் சேர்ந்து அட்டை மட்டும் தொலைந்ததா என்பது பேனலுக்குத் தெரியாது.

அறிகுறி: பகலெல்லாம் சரி, கரண்ட் போனால் ஊமை

இந்த நாட்டில் அதிகம் கேட்கும் புகார் இதுதான், அதனால் இதில் சற்று நிற்கலாம். 2022, 2023 ஆண்டுகளில் லோட் ஷெடிங் (முறை வைத்து நிறுத்தும் மின்வெட்டு) ஸ்டேஜ் 6 வரை போனது. அதன் பிறகு குறைந்தாலும், கேபிள் திருட்டும் சப்ஸ்டேஷன் கோளாறும் கரண்டை நிறுத்திக்கொண்டுதான் இருக்கின்றன. திருடனுக்கும் இருட்டு நேரம் எது என்று தெரியும்.

மூன்று இடங்களில் ஏதாவது ஒன்று செத்திருக்கும்: வீட்டு ரவுட்டர், பேனல் பேட்டரி, வெளியே இருக்கும் டவர் அல்லது ஃபைபர் பெட்டி. எது என்று கன்ட்ரோல் ரூம் பட்டியலே சொல்லும்.

301 (கரண்ட் போனது) என்பதும், அதே 301-இன் திரும்பி வந்த செய்தியும் ஒரே நிமிடத்தில், கரண்ட் வந்த பிறகு ஒன்றாக வந்து விழுந்திருந்தால், பேனல் உயிரோடுதான் இருந்தது. பாதைதான் செத்திருந்தது. அநேகமாக ரவுட்டருக்கும் ஃபைபரின் சின்ன வெள்ளைப் பெட்டிக்கும் பேக்கப் இல்லை. பலர் ரவுட்டருக்கு மட்டும் சின்ன யுபிஎஸ் போட்டுவிட்டு, சுவரில் இருக்கும் ஃபைபர் பெட்டியை மறந்துவிடுகிறார்கள். இரண்டுக்கும் வேண்டும். இரண்டின் வோல்டேஜும் ஒன்றாகவே இருக்கும் என்று நினைக்காதீர்கள், அடாப்டரில் அச்சிட்டிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள். சில பேனல்கள் கரண்ட் போனதை உடனே சொல்லாமல் அரை மணி நேரம், ஒரு மணி நேரம் தாமதித்துச் சொல்லும்படி அமைக்கப்பட்டிருக்கும், இல்லாவிட்டால் ஊர் முழுக்க ஒரே நேரத்தில் 301 அனுப்பி ரிசீவரைத் திணறடிக்கும். அந்தத் தாமதத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

301 ஒழுங்காக வந்து, கொஞ்ச நேரத்தில் 302 வந்து, அப்புறம் எதுவுமே இல்லை என்றால் பேனல் பேட்டரி. பெட்டிக்குள் இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் ஈய பேட்டரி. ஓய்வில் 12.7 வோல்ட் காட்டினாலும் நம்ப வேண்டாம், செத்த பேட்டரியும் சும்மா இருக்கும்போது நல்ல எண்ணைக் காட்டும். டிபி போர்டில் பேனலின் பிரேக்கரை இறக்குங்கள், சைரனை அலற விடுங்கள், மீட்டர் முனைகளை பேட்டரி டெர்மினலிலேயே வைத்துப் பாருங்கள். எண் மெதுவாக இறங்கி 12-ஐ ஒட்டி நின்றால் பரவாயில்லை. கண் முன்னே 11.5, 11, 10.6 என்று சரிந்தால் மாற்ற வேண்டியதுதான். சைரன் நின்றதும் எண் மறுபடியும் 12.4-க்கு ஏறிக்கொள்ளும். பலரும் ஏமாறுவது இந்த எண்ணைப் பார்த்துத்தான்.

புதிய பேட்டரியும் ஒரு மாதத்தில் படுத்துவிடுகிறது என்றால் சார்ஜருக்கு நேரம் போதவில்லை. பேனலின் சார்ஜர் தருவது அரை ஆம்பியர் அளவுதான். 5 ஆம்பியர்-அவர் செலவானால் திரும்ப நிரப்பப் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒரு நாளில் மூன்று தரம் கரண்ட் போகும் வாரங்களில் அது நிரம்பவே நிரம்பாது, பாதி வயிற்றோடேயே அடுத்த இருட்டைச் சந்திக்கும். பெரிய பேட்டரி போட்டால் தீரும் என்பார்கள். சார்ஜரும் அதற்கேற்ப இல்லாவிட்டால் தீராது.

இன்னொரு வகை உண்டு. பேட்டரி சுமார்தான், ஆனால் பேனல் நன்றாக ஓடுகிறது, சிம் வழியாகச் சிக்னல் அனுப்பும் செல்போன் மாட்யூல் மட்டும் அனுப்பும் நொடியில் அணைந்து அணைந்து எரிகிறது. இரண்டாம் தலைமுறை (2ஜி) நெட்வொர்க்கில் அனுப்பும்போது அந்த மாட்யூல் கண நேரத்துக்கு 2 ஆம்பியர் வரை இழுக்கும். பலவீனமான பேட்டரியோ மெல்லிய நீள வயரோ அதைத் தாங்காது, வோல்டேஜ் சரிந்து மாட்யூல் ரீபூட் ஆகும், மறுபடி முயலும், மறுபடி ரீபூட் ஆகும். வயரைக் குட்டையாக்கி, தடிமனாக்கி, பேனலின் துணை மின்வெளியீட்டில் வேறு என்னென்ன தொங்குகிறது என்று பாருங்கள்.

301 சரியாக வந்தது, பேட்டரியும் நல்லது, ஆனால் இரண்டு மூன்று மணி நேரம் கழித்து மௌனம் என்றால் வெளியே பாருங்கள். டவர் பேட்டரிகளும் அதற்குள் காலியாகும், சில இடங்களில் திருடப்பட்டே இருக்கும். அதை நீங்கள் சரி செய்ய முடியாது. வேறு நெட்வொர்க் சிம் ஒன்றை இரண்டாம் பாதையாக வைக்கலாம், அல்லது ரேடியோவுக்குப் போகலாம். இரண்டு பாதை வைத்திருக்கிறேன் என்று சொல்கிறவர்கள் பலர் ஃபைபர் ஒன்று, வைஃபை ஒன்று என்று வைத்திருப்பார்கள். இரண்டும் ஒரே ரவுட்டர். அது ஒரு பாதைதான்.

அறிகுறி: கீபேடில் கோளாறு விளக்கு, ஒரு சிக்னலும் போகவில்லை

எந்தப் பாதை என்பதைப் பொறுத்துப் பிரியும்.

*லேண்ட்லைன் என்றால்.* பழைய வீடுகளில் இன்னும் இருக்கிறது, செம்புக் கம்பி மட்டும் ஒவ்வொரு தெருவாக விடைபெறுகிறது. லைனில் மீட்டர் வைத்தால் போன் கீழே இருக்கும்போது சுமார் 48 வோல்ட் இருக்க வேண்டும், பேனல் லைனைப் பிடித்ததும் பத்துக்குக் கீழே இறங்க வேண்டும். 48 இல்லையென்றால் பேனலை விடுங்கள், லைன் இல்லை. 48 இருக்கிறது, பேனல் பிடித்தும் இறங்கவில்லை என்றால் பேனலின் டயலர் இடி மின்னலில் போயிருக்கலாம். ஜோகன்னஸ்பர்க் இருக்கும் ஹைவெல்ட் மேட்டு நிலத்தில் கோடை மதியங்களில் இடி விழுவதைப் பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியம் அல்ல.

லைன் இருக்கிறது, டயல் செய்கிறது, ஆனாலும் தோற்கிறது என்றால் காதால் கேளுங்கள். டெஸ்ட் போனை லைனில் மாட்டி, பேசாமல் கேட்பதுபோல் வைத்து, ஒரு டெஸ்ட் சிக்னல் அனுப்புங்கள். டயல் ஓசை, மணி, அப்புறம் ரிசீவர் எடுத்ததும் தாழ்ந்த ஒரு பீப்பும் உயர்ந்த ஒரு பீப்பும் வரும். 1400 ஹெர்ட்ஸ், பிறகு 2300. இது "சொல்லு" என்கிற அழைப்பு. உடனே பேனல் படபடவென்று பதினாறு டோன்களைக் கொட்டும். அதற்கு ரிசீவர் ஒரு நீண்ட 1400 பீப்பால் "கிடைத்தது" என்று சொல்லும். இவற்றில் எது கேட்கவில்லையோ அங்கே கோளாறு. இரட்டை பீப் வராமல் "நீங்கள் அழைத்த எண்" என்று ஒரு பெண் குரல் வந்தால், எண்ணே தப்பு. 2007 முதல் உள்ளூருக்கும் பத்து இலக்கம் போட்டாக வேண்டும், டர்பனில் 031 சேர்க்காத மிகப் பழைய புரோகிராம் மறுபடி ஏற்றப்பட்டால் இப்படி ஆகும். படபடப்பு கேட்கிறது, நீண்ட பீப் வரவில்லை, பேனல் திரும்பத் திரும்பக் கொட்டுகிறது என்றால் டோன்கள் வழியில் சிதைகின்றன.

சிதைவுக்கு இன்றைய பொதுக் காரணம் ஒன்றுதான்: செம்பை எடுத்துவிட்டு ஃபைபர் வழியாகப் போன் கொடுத்திருப்பார்கள். மனிதர் பேசினால் தெளிவாக இருக்கும். அதனால் "போன் நன்றாக வேலை செய்கிறதே" என்று வீட்டுக்காரர் சத்தியம் செய்வார். ஆனால் குரலைச் சுருக்கும் ஜி.729 போன்ற கோடெக் அலாரம் டோனை மாவாக அரைத்துவிடும். ஜி.711-க்கு மாற்றச் சொல்லிப் பார்க்கலாம். என் கருத்தைக் கேட்டால், அதோடு மல்லுக்கட்டாமல் ஐபி மாட்யூலுக்கு மாறிவிடுவது மேல்.

*ஐபி மாட்யூல் என்றால்.* நெட்வொர்க் சாக்கெட்டில் விளக்கு எரிகிறதா? எரியாவிட்டால் வயர், அல்லது சாக்கெட். மாட்யூலுக்கு என்ன முகவரி கிடைத்திருக்கிறது என்று ரவுட்டர் பக்கத்தில் பாருங்கள். 169.254 என்று தொடங்கினால் ரவுட்டர் அதற்கு முகவரியே தரவில்லை. நிலையான முகவரி போட்ட மாட்யூல் என்றால், இணையக் கம்பெனியை மாற்றிய அன்றிலிருந்து கோளாறா என்று கேளுங்கள். பழைய ரவுட்டர் 192.168.1 குடும்பம், புதியது 192.168.0 குடும்பம், மாட்யூல் பழைய கதவையே தட்டிக்கொண்டிருக்கும். நான் மாட்யூலில் நிலை முகவரி போடுவதை விட, தானாக எடுக்க விட்டு ரவுட்டரில் அதை ஒதுக்கி வைப்பதையே விரும்புகிறேன்.

வைஃபை மாட்யூல் என்றால் முதல் கேள்வி: பாஸ்வேர்டை மாற்றினீர்களா? பிள்ளைகள் விடுமுறைக்கு வந்து மெஷ் வைஃபை மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்களா? பெரும்பாலான அலாரம் மாட்யூல்களுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும். ரவுட்டரில் வைஃபை பாதுகாப்பை டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்தால் அவை உள்ளே வரவே வராது.

பிராட்பேண்டில் பொது முகவரி கிடைக்காமல் 100.64 குடும்பத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள், அதனால்தான் சிக்னல் போகவில்லை என்று சிலர் சொல்வார்கள். தவறு. சிக்னல் வீட்டிலிருந்து வெளியே போவது, அதற்கு அது தடையில்லை. வெளியிலிருந்து பேனலுக்குள் நுழைந்து புரோகிராம் செய்வதற்குத்தான் தடை.

*சிம் என்றால்.* டேட்டா தீர்ந்ததா, நீண்ட நாள் ரீசார்ஜ் இல்லாமல் சிம் முடக்கப்பட்டதா, ரைக்கா பதிவு (சிம் யாருடையது என்ற சட்டப் பதிவு) சரியா, சிம்மில் பின் பூட்டு இருக்கிறதா என்று வரிசையாகப் பாருங்கள். எல்லோரும் செய்கிற சோதனை சிம்மைக் கழற்றி போனில் போட்டுப் பார்ப்பது. இது இரண்டு பக்கமும் ஏமாற்றும். போன் ஏபிஎன் பெயரை (டேட்டாவுக்கான நுழைவாயிலின் பெயர்) தானே நிரப்பிக்கொள்ளும், மாட்யூல் நிரப்பாது, அதனால் போனில் வேலை செய்த சிம் மாட்யூலில் செய்யாது. மறுபக்கம், கம்பெனி கொடுத்த தனி ஏபிஎன் சிம் போனில் இணையமே தராது, அது அப்படித்தான் இருக்க வேண்டும்.

சிக்னல் பலத்தை மாட்யூல் 0 முதல் 31 வரை ஓர் எண்ணாகச் சொல்லும். 10 என்றால் சுமார் மைனஸ் 93 டிபிஎம், இதற்குக் கீழே போனால் மழை நாளில் தகராறு செய்யும். 99 என்றால் அதிக பலம் என்று நினைத்துவிடாதீர்கள், அளக்க முடியவில்லை என்று பொருள். ஏரியலை இரும்புப் பெட்டிக்குள் சுருட்டி வைத்தால் எண் ஏறாது. கூரைத் தகட்டுக்கு அடியில் வெள்ளிப் படல இன்சுலேஷன் போட்ட வீடுகளில் சீலிங்கில் ஏற்றி வைப்பதும் வீண். ஜன்னல் பக்கச் சுவரே போதும்.

அறிகுறி: சில சிக்னல் போகிறது, சில போகவில்லை

பூட்டியது, திறந்தது எல்லாம் பட்டியலில் இருக்கிறது, அலாரம் மட்டும் இல்லை. பாதை நன்றாக இருக்கிறது என்று அர்த்தம், ஆகவே வயரை நோண்ட வேண்டாம். பேனலில் எந்த வகை நிகழ்வு எந்த ரிசீவருக்குப் போக வேண்டும் என்று ஓர் அமைப்பு உண்டு, அதில் அந்த வகை அணைந்திருக்கும். அல்லது அந்த சோனின் (ஒரு சென்சார் காவல் காக்கும் பகுதி) ரிப்போர்ட் கோடு 00 என்று கிடக்கும். புதிதாக மாட்டிய சோன்களில் இது சகஜம்: சென்சாரை மாட்டியவர் சைரன் அடித்ததைக் கேட்டுத் திருப்தியோடு கிளம்பிவிடுவார்.

அறிகுறி: ஒரே அலாரம் திரும்பத் திரும்பப் போகிறது

"தம்பி, நேத்து ராத்திரி மூணு தரம் வண்டி வந்துச்சு, கதவு ஒரு தரம்தான் திறந்துச்சு" என்று மெர்பேங்க்கில் ஓர் அம்மா சொன்னார். இந்த அறிகுறிக்கு இதைவிட நல்ல விவரணை கிடையாது. சிக்னல் போய்ச் சேர்கிறது, ஒப்புதல்தான் திரும்பவில்லை, பேனல் போகவில்லை என்று நினைத்து மறுபடி அனுப்புகிறது.

லேண்ட்லைனில், அந்த நீண்ட பீப் மெலிந்தோ துண்டாகியோ வருகிறது. ஐபியில், ரவுட்டரின் ஃபயர்வால் திரும்பி வரும் பதிலைத் தடுக்கலாம். ஐபி வழியே அலாரம் அனுப்பும் எஸ்ஐஏ டிசி-09 முறையில் குறியாக்கத்தோடு அனுப்பினால் இன்னொரு கண்ணி உண்டு: பேனலின் கடிகாரம். செய்தியில் இருக்கும் நேரம் ரிசீவரின் நேரத்துக்கு 40 வினாடிக்கு மேல் பிந்தியோ 20 வினாடிக்கு மேல் முந்தியோ இருந்தால் ரிசீவர் அதை நிராகரித்து, சரியான நேரத்தை அனுப்பும். ஒழுங்கான மாட்யூல் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டு மறுபடி அனுப்பும். ஒழுங்கற்றது அதே பழைய நேரத்தோடு முட்டிக்கொண்டே இருக்கும். நீண்ட மின்வெட்டுக்குப் பிறகு தொடங்கிய தகராறு என்றால் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். குறியாக்கச் சாவியே தப்பு என்றால் கதை வேறு, அப்போது ஒன்றுமே ஏற்கப்படாது.

அறிகுறி: பக்கத்து வீட்டுக்கு வண்டி போகிறது

அக்கவுன்ட் எண். பேனலை ரீசெட் செய்த பிறகு தொழிற்சாலை எண்ணுக்குத் திரும்பியிருக்கும், அல்லது மாட்யூலிலும் பேனலிலும் வேறு வேறு எண். நான்கு இலக்கத்தை ஒவ்வொன்றாகக் கன்ட்ரோல் ரூமுக்கு வாசித்துச் சரிபாருங்கள். முடிந்தது.

அறிகுறி: மாட்யூலில் பச்சை விளக்கு, கன்ட்ரோல் ரூமில் "ஆஃப்லைன்"

பச்சை விளக்கு பெரும்பாலும் ரவுட்டர் வரை போய்ச் சேர்ந்ததைத்தான் காட்டுகிறது. அதற்கு அப்பால் என்ன என்று விளக்குக்குத் தெரியாது. ரவுட்டர்கள் சும்மா கிடக்கும் இணைப்பைச் சத்தமில்லாமல் மறந்துவிடும். யுடிபி வகை இணைப்பு என்றால் அரை நிமிடத்திலேயே கூட. மாட்யூல் தான் இணைந்திருப்பதாக நம்பிக்கொண்டே இருக்கும், கன்ட்ரோல் ரூமிலிருந்து கேட்டால் பதில் வராது. இதயத் துடிப்பு போல அடிக்கடி சின்ன செய்தி அனுப்பும் இடைவெளியை ரவுட்டரின் மறதியை விடக் குறைவாக வையுங்கள். மாட்யூல் கம்பெனியின் சர்வர் பெயரை மாற்றியிருந்தால் டிஎன்எஸ் முகவரியையும் பாருங்கள்.

அறிகுறி: ரேடியோ டிரான்ஸ்மிட்டர் திடீரென்று மௌனம்

ஆர்ம்டு ரெஸ்பான்ஸ் கம்பெனிகள் பல இன்னும் சொந்த ரேடியோவைத்தான் நம்புகின்றன, அது நல்லதுதான், லோட் ஷெடிங்கில் எல்லாம் படுத்த நேரத்திலும் பேசும். குறை என்னவென்றால் பல டிரான்ஸ்மிட்டர்கள் ஒருவழி: கத்திவிட்டுப் போகும், யாராவது கேட்டார்களா என்று தெரியாது. ஆகவே கீபேடில் கோளாறே காட்டாது.

கடல் பக்கம், இசிபிங்கோ, மெர்பேங்க், பிளஃப் பகுதிகளில் முதலில் ஏரியல் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். வெளியே பளபளப்பாக இருக்கும், உள்ளே நடு ஊசியைச் சுற்றிப் பச்சைப் பொடி அடைத்திருக்கும். கேபிளின் பின்னல் கறுத்திருந்தால் ஈரம் உள்ளே ஏறிவிட்டது, துடைத்துப் பயனில்லை, வெட்டி எறிந்து புதிது போடுங்கள். ஏரியல் நேராக நிற்க வேண்டும். 450 மெகாஹெர்ட்ஸுக்கான கால் அலை ஏரியல் சுமார் 16.7 சென்டிமீட்டர், 160 மெகாஹெர்ட்ஸுக்கு 47 சென்டிமீட்டர். யாரோ அழகுக்காக வளைத்தோ நுனியை நறுக்கியோ இருந்தால் வீச்சு போய்விடும். வீட்டின் பக்கத்தில் புதிதாக மாடி எழும்பியிருந்தாலும் அப்படியே.

அறிகுறி: காம்ப்ளெக்ஸில் சில வீடுகள் மட்டும் காவல் அறையில் தெரிவதில்லை

உம்லாங்கா பக்கம் மதில் போட்ட குடியிருப்புகளில் வீட்டுப் பேனல்களை ஆர்எஸ்-485 வயரில் கோத்து காவல் அறைக்குக் கொண்டுபோவார்கள். ஒரு வீட்டுக்கு அப்பால் எல்லாமே தெரியவில்லை என்றால் அந்த இடத்தில் வயர் அறுந்திருக்கும், தோட்டக்காரரின் மண்வெட்டியைக் கேளுங்கள். ஒரு வீடு மட்டும் தெரியவில்லை என்றால் அங்கே ஏ, பி என்ற இரு வயர்களும் இடம் மாறியிருக்கும், அல்லது முகவரி எண் இரட்டையாகியிருக்கும். எல்லாம் விட்டு விட்டு வருகிறது என்றால் முனை மின்தடைகள். மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஏ-க்கும் பி-க்கும் இடையில் ஓம் அளங்கள். இரு முனையிலும் 120 ஓம் ஒவ்வொன்று இருந்தால் மீட்டர் 60 அளவில் நிற்கும். 120 என்றால் ஒரு முனையில் இல்லை. 40 என்றால் எவரோ நடுவிலும் ஒன்றைச் செருகியிருக்கிறார். வயர் மரக்கிளை போலப் பிரிந்து போகாமல் ஒரே கோடாகப் போக வேண்டும், மொத்த நீளம் 1200 மீட்டரைத் தாண்டக் கூடாது. வீடுகளுக்கிடையே பூமி வோல்டேஜ் வேறுபடும் என்பதால் மூன்றாவது பொது வயரையும் இழுத்திருக்க வேண்டும். இது இல்லாத இடத்தில் ஒவ்வொரு இடிக்கும் ஒரு சிப் போகும்.

அறிகுறி: எந்தப் புகாரும் இல்லை

இதையும் அறிகுறியாகத்தான் சேர்க்கிறேன். கீபேட் சுத்தம், பட்டியலைக் கேட்டால் கடைசி 602 பல நாள் முன்பு. பேனலின் டெஸ்ட் இடைவெளி வாரம் ஒருமுறை, மாதம் ஒருமுறை என்று வைத்திருந்தால், நடுவில் செத்ததை ஒருவரும் அறிய மாட்டார்கள். 24 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். பேனலில் இதை மாற்றினால் மட்டும் போதாது, டெஸ்ட் வராவிட்டால் எச்சரிக்கும்படி கன்ட்ரோல் ரூம் பக்கமும் மாற்றச் சொல்லுங்கள். இந்த இரண்டாவதை விட்டுவிட்டால் முதலாவது வீண். இரண்டு பாதை இருந்தால் இரண்டிலும் தனித்தனியே டெஸ்ட் போக வேண்டும். இல்லாவிட்டால் மாற்றுப் பாதை செத்துக் கிடப்பது முதல் பாதை அறுபடும் இரவில்தான் தெரியும்.

சரி செய்த பிறகு

டிபி போர்டில் பேனலையும் ரவுட்டரையும் சேர்த்து அணையுங்கள். அப்படியே இருட்டில் ஒரு சோனைத் திறந்து அலாரம் அடிக்க விடுங்கள். பேனிக் பட்டனையும் அழுத்துங்கள். கன்ட்ரோல் ரூமை அழைத்து, "வந்ததா?" என்று கேட்காதீர்கள், "என்ன வந்தது, எத்தனை மணிக்கு, எந்த சோன்?" என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு எல்லோரும் வந்தது என்றுதான் சொல்வார்கள். அவர்கள் வாசிக்கும் நேரம் உங்கள் கைக்கடிகாரத்தோடு ஒத்துப்போனால், கரண்டை ஏற்றி, 301 திரும்பிய செய்தியும் விழுந்ததா என்று பார்த்து, அக்கவுன்ட்டை டெஸ்டிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். எடுத்துவிட்டேன் என்று அவர்கள் வாயால் சொல்லும் வரை போனை வைக்க வேண்டாம்.